என் வரியைத் திருடியவள்

சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? சத்தமெல்லாம் ஒரு தொந்தரவு இல்ல, டிரைவர் போட்டிருக்க பாட்டைவிடவா. அந்தம்மா பேசுறதைத்தான் என்னால தாங்க முடியல. ஹால்ல கரும்பலகைக்கு முன்னாடி உக்காந்து, ஒரு படத்தைப் பத்தி ஒரே ஒரு வரி சொல்லிட்டு, வணக்கம்கூட வைக்காம எந்திரிச்சுப் போயிருதுல்ல, அந்தம்மா என் சம்சாரம். செண்பகம்.

நம்பிக்கை வரலையா? யாருக்கும்தான் வரல. முந்தாநாள் மாட்டுத்தாவணி டீக்கடையில ரெண்டு பேரு இதே மாதிரி போனை வச்சுக்கிட்டுச் சிரிச்சிட்டிருந்தாய்ங்க. அது என் வீட்டு ஆளுன்னு சொன்னேன். ஒருத்தன் மேல கீழ பாத்துட்டு, சரிங்கண்ணே, அப்ப ஹீரோயினு உங்க தங்கச்சியான்னு கேட்டுட்டுப் போறான். எப்படி இருந்தவன் சார் நானு.

என் பேரு பரஞ்சோதி. அந்தப் பேரு உங்களுக்குத் தெரியாது. கூர்வாள்னா தெரியுமா? எங்க மதுரைப் பத்திரிகையில திங்கக்கிழமை தோறும் 'ஒரே வெட்டு'ன்னு ஒரு பகுதி வரும். பேய்ப் படம் ஒண்ணு, அடிதடி ஒண்ணு, குடும்பப் படம் ஒண்ணு. அந்த வாரம் வந்ததுல மூணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி, மிஞ்சிப் போனா ரெண்டு வரி. அம்புட்டுதான். அதைப் படிச்சிட்டுத்தான் ஊரு டிக்கெட் எடுக்கும், இல்லன்னா எடுக்காது. தியேட்டர் மேனேஜரு எல்லாம் என்னையப் பாத்தா எந்திரிச்சு நிப்பாரு. அந்தக் கூர்வாள் நான்தான்.

ஆ, படிச்சிருக்கீங்களா. பாத்தீங்களா, எனக்குத் தெரியும். உங்க மொகத்தைப் பாத்தாலே படிக்கிற ஆளுன்னு தெரியுது. 'பேய் கதவைத் தட்டுற வரைக்கும் பயமா இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து சொந்தக் கதை சொல்ல ஆரம்பித்ததும் பயம் எழுந்து போய்விட்டது.' இது ஞாபகம் இருக்கா? என்னோடதுதான். ஒரு சண்டைப் படத்துக்கு, 'அடி வாங்கியவர்கள் எல்லாம் நடித்திருக்கிறார்கள். அடித்தவர் மட்டும் நடந்து போயிருக்கிறார்'னு எழுதினேன். அந்த நடிகரோட ரசிகர் மன்றத்து ஆளுங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு கோஷம் போட்டாய்ங்க. எங்க ஆசிரியர் மணவாளனுக்கு ஒரே பூரிப்பு. ஒரு பத்திரிகைக்காரனுக்கு அதைவிட என்ன சார் மரியாதை வேணும்?

விமர்சனம்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல சார். எல்லாரையும் மாதிரி திரையைப் பாத்துட்டு வர்றதுக்கு விமர்சகன் எதுக்கு? எனக்குன்னு ஒரு முறை உண்டு. பேய்ப் படத்துல நான் கண்ணை மூடிக்குவேன். ஒலியை மட்டும் கவனிப்பேன். பேய்ப் படத்துக்கு உசுரே ஒலிதானே. பக்கத்துல செண்பகம் பாத்துட்டு இருப்பா. பேய் போனதும் என் கையில ஒரு தட்டுத் தட்டி, போயிருச்சு, கண்ணைத் தொறங்கன்னு சொல்லுவா. அது அவளுக்கு நான் குடுத்திருந்த வேலை. சண்டைப் படம்னா பாதியில எந்திரிச்சு வெளிய போயி ஒரு டீயைக் குடிச்சிட்டு நிப்பேன். உள்ள ஜனங்க எந்த எடத்துல விசில் அடிக்கிறாய்ங்கன்னு வெளிய நின்னு கேட்டாத்தான் சரியாத் தெரியும். குடும்பப் படத்துல லேசாக் கண்ணு அசரும். அது படத்தோட குத்தம், என் குத்தம் இல்ல. நான் தூங்குறேன்னா அதுவே ஒரு விமர்சனம்தானே.

செண்பகத்தை எதுக்குக் கூட்டிட்டுப் போவேன்னு கேக்குறீங்களா? தனியாப் போனா நல்லா இருக்காதுல்ல. அவ கணக்குல பட்டம் வாங்கினவ. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டுல டியூஷன் எடுக்குறா. காலையிலயும் சாயங்காலமும் பிள்ளைக வந்துரும், மதியம் சும்மாதான் இருப்பா. அதனால வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் மேட்னிக்கு ரெண்டு பேருமா ஸ்கூட்டர்ல போயிருவோம். கல்யாணமான புதுசுல இருந்தே இப்படித்தான். எந்தப் புருஷன் சார் பொண்டாட்டியை வாரத்துக்கு மூணு படத்துக்குக் கூட்டிட்டுப் போறான்? அவ தங்கச்சிகூட ஒரு தடவை சொல்லியிருக்கு, அக்கா குடுத்து வச்சவன்னு.

படம் விட்டு வரும்போது அவ பின்னாடி உக்காந்துக்கிட்டு வாயே தொறக்க மாட்டா. தியேட்டர் தாண்டி, ஆத்துப் பாலம் ஏறினதும் காதுகிட்ட வந்து ஒரு வரி சொல்லுவா. சும்மா, வாய்க்கு வந்தது. நானும் அதையேதான் உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டு வந்திருப்பேன். அது அவ வாயில வந்து விழுந்துரும். அம்புட்டு வருஷம் ஒண்ணாக் கெடந்தா அப்படித்தானே ஆகும்? பாலம் எறங்கினதும் டீக்கடையில வண்டியை ஓரங்கட்டி, மறந்து போறதுக்குள்ள சினிமா டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக்குவேன். வீட்டுக்குப் போயி அதைச் சுத்தமான தமிழ்ல மாத்தணும். 'இருந்துச்சு'ன்னு இருக்கும். அதை 'இருந்தது'ன்னு ஆக்கணும். அங்கதான் சார் எழுத்தாளன் இருக்கான்.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. போன வருஷம் நம்மூரு பதிப்பகம் ஒண்ணு, உங்க வெட்டுகளையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகமாப் போடுவோம்னு கேட்டாங்க. போட்டாங்க. மண்டபத்துல விழா வச்சோம். நல்ல கூட்டம். செண்பகம் மூணாவது வரிசையில, பட்டுப் புடவை கட்டி, மல்லியப்பூ வச்சு உக்காந்திருந்தா. நான் ஏற்புரையில ஒருத்தரை விடல சார். ஆசிரியர் மணவாளனுக்கு நன்றி சொன்னேன். தியேட்டர் மேனேஜருங்களுக்குச் சொன்னேன். பாலத்தடி டீக்கடைக்காரரு அடிக்கடி பேனா குடுத்து உதவுவாரு, அவருக்குச் சொன்னேன். என் ஸ்கூட்டரை ஓட வச்சுக்கிட்டு இருக்க மெக்கானிக்குக்குக்கூடச் சொன்னேன், கைதட்டுனாய்ங்க. வீட்டு ஆளை மேடையில சொல்லுவாங்களா? அது ஒரு மாதிரி பெருமையடிச்சுக்கிறாப்ல இருக்கும். எனக்கு அதெல்லாம் பிடிக்காது.

அப்ப கூட்டத்துல இருந்து ஒரு காலேஜ் வாத்தியாரு எந்திரிச்சாரு. ஐயா, இவ்வளவு சுருக்கமா, இவ்வளவு கூர்மையா எப்படி உங்களுக்கு வரி வருதுன்னு கேட்டாரு. நான் கொஞ்சம் யோசிச்சேன். அப்புறம் சொன்னேன், படம் முடிஞ்சு வண்டியில வரும்போது வரும், பாலத்துல ஏறினதும் காத்து வந்து காதுல படும், அதுவாத்தான் வருதுன்னேன். கவித்துவமா சொன்னேன் சார். சபையே அசந்து போச்சு. மறுநாள் எங்க பத்திரிகையில அதையே தலைப்பாப் போட்டாய்ங்க, 'காற்று சொல்கிறது'ன்னு.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தோம். அவ மாலையை எடுத்து ஆணியில மாட்டினா. சாப்பாடு போட்டா. புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாப் பெரட்டிப் பாத்துட்டு மூடி வச்சா. எப்படி வந்திருக்குன்னு கேட்டேன். அச்சு நல்லாருக்குன்னா. களைப்பா இருக்கும்னு நானும் விட்டுட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு பேய்ப் படம். வழக்கம்போல போனோம், வழக்கம்போல வந்தோம். பாலம் ஏறினோம். பின்னாடி சத்தமே இல்ல. பாலம் எறங்கியாச்சு. டீக்கடை வந்துருச்சு. நானே வெக்கத்தை விட்டு, என்ன செண்பகம், படம் எப்படின்னு கேட்டேன். அவ சொல்றா சார், அப்படியே சொல்றேன்:

"காத்து அடிக்குதுல்ல. கேட்டு எழுதிக்கங்க."

கட்டின பொண்டாட்டி சொல்ற வார்த்தையா இது? டீக்கடைக்காரரு பேனாவை எடுத்து நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. அந்த வாரம் நானா உக்காந்து எழுதினேன். எனக்கு என்ன, எழுத வராதா? 'ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி. பின்னணி இசை படத்துக்குப் பலம். இயக்குநர் திரைக்கதையில் இன்னும் சற்று கவனம் செலுத்தியிருக்கலாம். மொத்தத்தில் ஒரு முறை பார்க்கலாம்.' இதுல என்ன குறைன்னு நீங்களே சொல்லுங்க. எல்லாமே இருக்கு. மணவாளன் கூப்பிட்டு, என்ன பரஞ்சோதி, வாளு துருப்பிடிச்சிருச்சாங்கிறாரு. ஒரு வாசகர் ஆபீஸுக்குப் போன் பண்ணி, கூர்வாள் ஊருக்குப் போயிட்டாரா, அவர் பேருல வேற யாரும் எழுதுறாங்களான்னு கேட்டிருக்கான். வேற யாரும்! என்னையப் பாத்து!

அதோட விட்டாளா? எங்க பொண்ணு நிவேதா சென்னையில வேலை பாக்குது. பொங்கலுக்கு வந்திருந்தப்ப, அம்மா பரீட்சைத் தாள் திருத்துறதைப் போன்ல படம் எடுத்துக்கிட்டே, அம்மா, நேத்துப் போன படம் எப்படின்னு கேட்டிருக்கு. இவ தலையை நிமித்தாம, 'அந்த வீட்டுல பேய் இருக்குங்கிறது பேய்க்கே கடைசியிலதான் தெரியுது'ன்னா. சொல்லிட்டு, அடுத்த தாளை எடுத்து ஒரு தப்பைச் சுழிச்சா. அம்புட்டுதான் வீடியோ. அதை அந்தப் பிள்ளை எங்கயோ ஏத்திவிட்டுச்சு. பொங்க முடியுறதுக்குள்ள ஊரெல்லாம் பரவிருச்சு. 'செண்பகம் சொல்றேன்'னு பேரு வேற. அதுக்கப்புறம் ஹால்ல கரும்பலகைக்கு முன்னாடி உக்காந்து இவளே வாராவாரம் ஒண்ணு போட ஆரம்பிச்சுட்டா. எங்க ஆபீஸ்லயே ஆளாளுக்குப் போனை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாய்ங்க. மணவாளன் என்கிட்டயே காட்டி, பாருங்க பரஞ்சோதி, யாரோ ஒரு டீச்சரம்மா உங்க பழைய பாணியிலேயே சொல்லுதுன்னாரு. நான் என் சம்சாரம்னு சொல்லல.

துரோகம் சார். வேற வார்த்தை இல்ல எனக்கு. வெளியாளு ஒருத்தன் என் பாணியைத் திருடியிருந்தா கேஸு போட்டிருப்பேன். கூட ஒரே வண்டியில வந்தவ, என் பேய்ப் படம், என் பாலம், என் வரி, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. சோறு எறங்கல.

கேட்டேன். கேக்காம இருப்பேனா? டியூஷன் பிள்ளைக போனப்பறம் கேட்டேன். அந்தப் பேய் வரி எனக்குள்ள இருந்த வரி, எழுதலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீ எடுத்துச் சொல்லிட்டியேன்னு கேட்டேன். அவ சண்டை போடல. சண்டை போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். சாக்பீஸைக் கீழ வச்சுட்டு, டியூஷன் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னா:

"சரி. அடுத்த படத்துக்கு நீங்க முதல்ல எழுதுங்க. எழுதி மடிச்சு வைங்க. நானும் எழுதி மடிச்சு வைக்கிறேன். ரெண்டையும் பிரிச்சுப் பாத்தா, யாரோடது யாருக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சு போகும்."

எனக்கே பரீட்சை வைக்கிறா. நான் என்ன அவகிட்ட டியூஷனுக்கு வர்றவனா? கலைக்கெல்லாம் பரீட்சை கெடையாதுன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டுச் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா அவ பைக்குள்ள துணியை எடுத்து வச்சுக்கிட்டு இருக்கா. காரைக்குடியில அவ தங்கச்சிக்கு முட்டியில ஆபரேஷனாம், கூட மாட இருக்க ஆளு வேணுமாம். ஆபரேஷன் நெசந்தான். ஆனாலும் சாக்குதானே சார் அது. சாம்பாரு வச்சிருக்கேன், சுட வச்சுச் சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. இன்னும் வரல. அங்க இருந்தே படம் பாக்குறா, அங்க இருந்தே ஒவ்வொரு வரியாச் சொல்றா. உங்களை மாதிரி ஆளுங்க பஸ்ஸுல கேக்குறீங்க.

நானும் கேக்குறேன்தான். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. எதிராளி என்ன சொல்றான்னு தெரியணுமே. போன வாரம் ஒரு குடும்பப் படத்துக்குச் சொல்லியிருந்தா: 'புருஷன் படம் முழுக்கப் பேசுறான். சம்சாரத்துக்கு வசனமே எழுதல. வெளிய வந்தா அவ மட்டும்தான் ஞாபகத்துல இருக்கா.' நல்ல வரிதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த நடிகை பிரமாதமாப் பண்ணியிருக்கும்போல. எனக்கு நெனவு இல்ல, அந்தப் படத்துல நான் அசந்துட்டேன்.

இப்ப எதுக்குப் போறேன்னா, அதான் சொல்ல வந்தேன். மணவாளன் வெள்ளிக்கிழமை கண்டிசனாச் சொல்லிட்டாரு. இந்த வாரம் பழைய மாதிரி வெட்டு வந்தா உண்டு. இல்லாட்டி அந்த எடத்தை அந்த டீச்சரம்மாவைப் பிடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்துருவாராம். அவ விலாசம் தெரியுமான்னு என்கிட்டயே விசாரிக்கிறாரு. இருக்கிறதே அந்த ஒரு எடம் சார் எனக்கு. அது போச்சுன்னா நான் யாரு? பரஞ்சோதின்னா ஒருத்தருக்கும் தெரியாதுல்ல. நீங்களே நான் பேரைச் சொன்னப்ப ஜன்னலைத்தான் பாத்தீங்க.

சண்டைப் படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் எப்படியோ ஒப்பேத்திட்டேன். அந்தப் புதுப் பேய்ப் படம்தான் பாக்கி. அதை இன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள சொல்லியாகணும். நேத்து மேட்னிக்குத் தனியாப் போனேன். பக்கத்து சீட்டு காலி. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே சத்தம் பலமா வந்துச்சு, கண்ணை மூடினேன். மூடிட்டு உக்காந்திருக்கேன், உக்காந்திருக்கேன், பேய் போயிருச்சா இல்லையான்னு சொல்ல ஆளு இல்ல. எப்பத் தொறக்கிறதுன்னு எனக்குத் தெரியல சார். ஒரு தடவை தைரியமாத் தொறந்தேன், அது நேரா என்னையப் பாத்துக்கிட்டு நிக்குது. அப்புறம் லைட்டைப் போட்டப்பத்தான் தொறந்தேன்.

இன்னைக்குக் காலையில மானத்தை விட்டு அவளுக்குப் போன் போட்டேன். எடுத்தா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா. தங்கச்சி முட்டி எப்படி இருக்குன்னு நானும் கேட்டேன். அப்புறம் மெதுவா, அந்தப் பேய்ப் படம் பாத்தியான்னேன். பாத்தேன்னா. எப்படி இருக்குன்னேன். அங்க பின்னாடி குக்கர் விசில் சத்தம் கேக்குது. அப்புறம் கேட்டா. கோவமாக்கூட இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குற மாதிரி:

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அம்புட்டுதான் கேட்டா. இத்தனை வருஷத்துல ஒரு நாளு இதைக் கேட்டதில்ல சார் அவ. போனைக் காதுல வச்சுக்கிட்டு நின்னேன், நின்னேன், ஒரு வார்த்தை வரல. அவளும் வைக்கல. கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில நான்தான் கட் பண்ணினேன். கட்டின புருஷனைப் பாத்து ஒருத்தி கேக்குற கேள்வியா சார் இது? பணம் கேட்டாலும் குடுக்கலாம், நகை கேட்டாலும் வாங்கித் தரலாம். இப்படி ஒண்ணைக் கேட்டு மனுஷனை நிக்க வச்சா என்ன அர்த்தம்?

அதான் நேர்ல போறேன். அவளை மன்னிக்கிறதுக்கு நான் தயாராத்தான் இருக்கேன். போயி, நடந்தது நடந்து போச்சு, வா, படத்துக்குப் போவோம்னு சொல்லப் போறேன். வருவாளான்னு தெரியல. வந்தாலும் வாயைத் தொறப்பாளான்னு தெரியல. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் ஆகணுமே.

மேலூர் தாண்டிட்டோமா? நீங்க எங்க எறங்கணும், திருப்பத்தூரா? அப்ப இன்னும் நேரம் கெடக்கு.

ஆமா சார், கேக்கணும்னு நெனச்சேன். அந்தப் பேய்ப் படம் நீங்க பாத்தாச்சா? முழுசாவா? கண்ணைத் தொறந்தா? பரவாயில்லையே. எப்படி இருந்துச்சு? இல்ல, சும்மாதான் கேக்குறேன், பேச்சுக்கு. கதையெல்லாம் வேணாம், அது பெருசாப் போயிரும். மனசுல பட்டதை ஒரே வரியில சொல்லுங்க. இருங்க, இருங்க, பேனாவை எடுத்துக்கிறேன்.